தவராசாவின் புல் ஒப்சன்

பூசணிக்காய்க்கு முன்சீற் கிடைத்தது. தவராசாவுக்குப் பின்பெட்டி கிடைத்தது. அவருடைய வாழ்நாள் சபதம் அந்த இடத்தில்தான் பிறந்தது.

சம்பவம் நடந்தது கண்டாவளையில். தவராசாவின் மனைவி கமலாசனியின் தங்கை பிரியந்தினி புதுவீடு கட்டிக் குடிபூரல் வைத்தாள். சாப்பாடு முடிந்து வெளிக்கிடும் நேரம், பிரியந்தினியின் கணவன் செந்தூரன், "பஸ்ஸில ஏன் அலையிறியள்? நானே கொண்டுபோய் ஒட்டுசுட்டானில விடுறன்" என்றான். செந்தூரன் குளங்கள் திருத்தும் திட்டம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். திட்டத்திடம் ஒரு பழைய டபுள் கெப் இருந்தது: முன்னால் இரண்டு வரிசைச் சீற், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. அன்றைக்கு அது அவனிடம் நின்றது.

பின்சீற்றில் பிரியந்தினி, அவளுடைய இரண்டு பிள்ளைகள், கமலாசனி. முன்சீற்றில், பக்கத்து வளவுக்காரர் கமலாசனிக்கென்று கொடுத்துவிட்ட பூசணிக்காய். ஆட்டுக்குட்டியளவு பூசணிக்காய்.

"தம்பி, உதைத் தூக்கிப் பின்பெட்டியில வைப்பமே?"

"பெட்டியில உருண்டால் வெடிச்சிடும் அண்ணை."

"நான் உருண்டால்?"

"நீங்கள் பிடிச்சுக்கொண்டு இருப்பியள்தானே."

நியாயமான பதில். பூசணிக்காய்க்குக் கை இல்லை. தவராசா பின்பெட்டியில் ஏறினார். புதுக்குடியிருப்பில் திருப்பிக் கொடுக்கவேண்டிய வாடகைச் சமையல் கிடாரத்தை அவருடைய மடியில் ஏற்றினார்கள். கண்டாவளை உள்றோட்டு முழுக்கக் கிறவல் மண். பள்ளத்துக்குப் பள்ளம் கிடாரம் கோயில் மணிபோல ஒலித்தது. வழிநெடுகச் சனம் எட்டிப் பார்த்தது. கமலாசனி மட்டும் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, "இஞ்சருங்கோ, தூசி பறக்குது. வாயை மூடிக்கொண்டிருங்கோ" என்று அன்பாகச் சொல்லிவிட்டுத் திரும்ப ஏற்றினாள்.

தவராசா வாயை மூடினார். மூடிய வாய்க்குள்ளேயே சபதம் செய்தார். 'நான் ஒரு கெப் வாங்குவன். டபுள் கெப். அதிலயும் ஆகத் திறமானது. முன்சீற்றில நான் இருப்பன். பூசணிக்காய் பெட்டியில கிடக்கும். வெடிச்சால் வெடிக்கட்டும்.'

*

சபதத்துக்கு நேரம் கூடி வந்தது. தடையில் இருந்த வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். இரண்டு போகம் தொடர்ந்து நல்ல விளைச்சல். ஒருநாள் கமலாசனியே, "எங்களுக்கும் ஒரு வாகனம் இருந்தால் நல்லம்" என்றாள். தவராசா தன் காதை நம்பவில்லை. மூன்று நாளாகத் தங்கையோடு தொலைபேசியில் நீண்ட கதை நடந்துகொண்டிருந்ததை அவர் கண்டவர்தான். அக்காவும் தங்கையும் கதைப்பது மழை பெய்வதுபோல. யாரும் காரணம் கேட்பதில்லை.

வவுனியாவுக்குப் போய், புதுவாகனம் விற்கும் இடத்தில் மினுமினுப்பான தாள் ஒன்றை வாங்கிவந்தார். ஒரே கெப்பில் மூன்று வகை இருந்தது. மூன்றுக்கும் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். கடன் அட்டை இலக்கம்போல இருந்தன. வீட்டில் அதை எப்படி விளங்கப்படுத்துவது? பஸ்ஸில் வரும்போது யோசித்தார். ஒட்டுசுட்டானில் இறங்குவதற்குள் மூன்றுக்கும் நெல்லின் பெயரை வைத்துவிட்டார்.

குசினியில் கமலாசனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தவராசா கதிரையை இழுத்துப் போட்டுத் தாளை விரித்தார்.

"இஞ்ச பாரும் கமலா. இது ஆகக் கீழ் வகை. முன்னுக்கு மட்டும்தான் சீற். கண்ணாடியைக் கையால சுத்தோணும். இது ஆட்டக்காரி எண்டு வையும்."

"ம்."

"இது நடு வகை. நாட்டரிசி மாதிரி. பிழையில்லை, ஆனால் சொல்லிக்கொள்ள ஒண்டுமில்லை."

"ம்."

"இது..." அவருடைய குரல் தானாகவே தாழ்ந்தது. "இது கீரிச்சம்பா. இதில இல்லாதது எண்டு ஒண்டுமில்லை. புல் ஒப்சன்."

துருவுபலகை நின்றது. "புல்லோ? எவ்வளவு புல்லு ஏத்தலாம்?"

"புல்லு இல்லையப்பா. புல். முழுக்க எண்டு அர்த்தம்."

"முழுக்க ஏத்தலாமெண்டால் நல்லம். எங்கட நாலு மாட்டுக்கும் காணும்."

"புல்லு ஏத்துறதுக்கு இல்லை கமலா! ஒப்சன். வசதியள். ஒண்டும் குறையாமல் எல்லாம் போட்டு வாறது."

"எல்லாம் போட்டு, புல்லு மட்டும் போடேலாதோ?"

தவராசா தாளை மடித்தார். ஆனால் நெற்பெயர்கள் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டன. தேவைக்கு அதிகமாகவே பிடிபட்டுவிட்டன என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்த வீட்டில் கீரிச்சம்பாவுக்கு என்ன இடம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாய்க்கால் பக்கத்து வயலில் அவர்கள் விதைப்பது கீரிச்சம்பா. பள்ளத்து மூலையில் ஆட்டக்காரி. கீரிச்சம்பாவை வெட்டிக் காயவைத்து மூட்டை கட்டியதும் லொறி வந்துவிடும். வீட்டு உலைக்குப் போவது சிவப்பு ஆட்டக்காரி. தவராசா விதைத்து, பசளை போட்டு, யானைக்கு வெடி கொளுத்திக் காவல் இருந்து வளர்த்த கீரிச்சம்பாவை அவரே சாப்பிடுவது வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால்தான். அதுவும் விருந்தாளிக்குப் போட்டு மிஞ்சினால்தான். எனவே 'கீரிச்சம்பா' என்று சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்ததில் வியப்பில்லை. ஒரு மனிதன் தான் விளைவித்ததில் ஒரு முறையாவது வயிறு நிறையச் சாப்பிட ஆசைப்படுவது பெரிய குற்றமில்லை.

"அப்ப எது எடுப்பம்?" என்றார்.

"கொஞ்சம் யோசிப்பம்" என்றாள் கமலாசனி.

'யோசிப்பம்' என்ற சொல்லைத் தவராசா நன்றாக அறிவார். வீட்டுக்கு மேல்மாடி, முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு காணித்துண்டு, அவருக்கு ஒரு தங்கச் சங்கிலி என்று பல நல்ல யோசனைகள் அந்தச் சொல்லுக்குள் போய்த் திரும்பி வரவேயில்லை.

*

அடுத்தநாள் காலையில் யோசெப் வந்தான். முல்லைத்தீவுக் கரையில் கடல்தொழில் செய்யும் குடும்பம் அவனுடையது. மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி ஒட்டுசுட்டான் வரை வருவான். தவராசா படலையடியில் அவனை மறித்து, குரலைத் தாழ்த்தி, தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கினார்.

யோசெப் ஒரு பாரைக்குட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டான். பிறகு சொன்னான்:

"தவராசாண்ணை, நீங்கள் எதிர்காத்துக்கு நேர ஓடப் பாக்கிறியள். பாய்த்தோணி அப்பிடி ஓடாது. சரிச்சு ஓடோணும். அந்தப் பக்கம் போறமாதிரிப் போய் இந்தப் பக்கம் திருப்போணும்."

"எனக்குக் கடல் விளங்காது. வீட்டுக்கு ஏத்தமாதிரிச் சொல்லு."

"நீங்கள் ஒண்டு சொன்னால் அக்கா என்ன சொல்லுவா?"

"வேண்டாம் எண்டுவா."

"அப்ப உங்களுக்கு வேண்டாததைக் கேளுங்கோ. அவா அதை வேண்டாமெண்டுவா. மிச்சம் உங்களுக்கு வேண்டியதுதானே."

தவராசா அசந்துபோனார். இவ்வளவு சுலபமான கணக்கு இத்தனை வருடமாக அவருடைய மூளையில் ஏறவில்லையே! பாரைக்குட்டியோடு இன்னும் இரண்டு மீன் கூடுதலாக வாங்கினார். மோட்டார் சைக்கிள் வெளிக்கிடும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"யோசெப், நீ உன்ர வீட்டில இப்பிடிச் செய்து பாத்தனியோ?"

"எனக்கெங்க அண்ணை! நான் இன்னும் கலியாணம் கட்டேல்லையே."

இந்தத் தகவலை அவர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

*

மத்தியானம் மீன்குழம்போடு சரிச்சு ஓட்டம் தொடங்கியது.

"கமலா, நான் நல்லா யோசிச்சனான். எங்களுக்கு ஆட்டக்காரி காணும்."

"சோறோ? இன்னும் போடட்டே?"

"கெப்பைச் சொல்லுறன். ஆகக் கீழ் வகை. கண்ணாடியைக் கையால சுத்துறது உடம்புக்கு நல்ல அப்பியாசம். பின்னுக்குப் பாக்கிற கமரா ஏன்? கடவுள் கழுத்துத் தந்திருக்கிறார். பின்சீற் ஏன்? நாங்கள் ரெண்டுபேர்தானே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இப்போது வரும். 'உங்களுக்கு ஏன் எப்பவும் மலிவுப் புத்தி?' என்று வரும். 'என்ர தங்கச்சி பின்சீற் வைச்ச வண்டியில போறாள், நான் மட்டும்...' என்று வரும்.

கமலாசனி குழம்பை ஊற்றினாள். "நீங்கள் சொல்லுறது சரிதான்" என்றாள்.

தவராசாவுக்கு முள் சிக்கியது.

"எது சரி?"

"எல்லாந்தான். கழுத்து இருக்கு. கை இருக்கு. இருக்கிறதை வைச்சுச் சமாளிக்கோணும். உங்களுக்கு இப்பிடி ஒரு அடக்கம் வருமெண்டு நான் நினைக்கவேயில்லை. ஆட்டக்காரியே எடுப்பம்."

கலியாணம் கட்டியதற்குப் பிறகு கமலாசனி அவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த நல்லநாளில் அவர் ஒரு பிடி வெறுஞ்சோற்றை விழுங்கி முள்ளை இறக்கிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் பால் சேகரிக்க வந்த சிவலட்சுமியிடம் கமலாசனி கணவனைப் புகழ்ந்தாள். "எங்கட மனுசன் ஆடம்பரமே இல்லாத ஆள். சாதாரண கெப் காணுமாம்." பால்வண்டி போகும் வழியெல்லாம் அந்தப் புகழும் போனது. அடுத்தநாள் சந்தியில் இரண்டுபேர் தவராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கமக்காரர் அமைப்புத் தலைவர், "உங்களைப் பாத்துத்தான் மற்றவையும் பழகோணும்" என்றார். தவராசா சிரித்தார். பல்லுவலிக்காரன் சிரிப்பதுபோலச் சிரித்தார். தோணி அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் திருப்புவது எப்படி என்று யோசெப் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தாங்கமுடியவில்லை. கமலாசனி மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கமலா."

"ம்."

"உமக்கு ஆட்டக்காரி சரிவராது எண்டு படுது."

"எனக்கோ? எனக்கென்ன?"

"வெய்யில். தூசி. பின்சீற் இல்லை. உம்மட தங்கச்சியாக்கள் வந்தால் பெட்டியிலயோ ஏத்துறது? மரியாதையில்லை."

"நீங்கள் பெட்டியில போனனீங்கள்தானே? நல்லாத்தானே வந்து சேந்தனீங்கள்."

தவராசா கொட்டில் முகட்டைப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார். சில வேளைகளில் அதைவிட வேறு தந்திரம் கிடைப்பதில்லை.

"எனக்கு அந்தக் கீரிச்சம்பாவில ஆசையப்பா."

கமலாசனி கறப்பதை நிறுத்தவில்லை. "ஆசைப்படலாம். ஆனால் அவ்வளவு பெரிய சாமானை ஆர் ஓடுறது? உங்களை ஒரு இடத்துக்குப் போகச் சொன்னால் ஆயிரம் முணுமுணுப்பு. காலமை எழுப்பினால் மூஞ்சை நீளும்."

"நான் ஓடுவன்."

"எங்க சொன்னாலும்?"

"எங்க சொன்னாலும்."

"எந்த நேரமெண்டாலும்?"

"எந்த நேரமும்."

"ஆரை ஏத்தினாலும்?"

ஒரு கணம் தயங்கினார். கமலாசனியின் சொந்தக்காரர் எல்லாரும் வரிசையாக மனதில் வந்து போனார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் கீரிச்சம்பா மினுங்கிக்கொண்டு நின்றது.

"ஆரை ஏத்தினாலும்."

"வாய் திறக்காமல்?"

"திறக்காமல்."

"தான்தோன்றீஸ்வரர் இருக்கிற பக்கம் பாத்துச் சொல்லுங்கோ."

தவராசா கோயில் பக்கம் திரும்பினார். நடுவில் பசுமாடு நின்றது. மாட்டைப் பார்த்தபடியே கைகூப்பிச் சத்தியம் செய்தார். மாடு அசைபோடுவதை நிறுத்தி அவரை ஒருமுறை பார்த்தது. அதற்கு அப்போதே ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

"சரி" என்று கமலாசனி பால்வாளியைத் தூக்கினாள். "கீரிச்சம்பாவே எடுப்பம்."

அன்றைக்குத் தவராசா யோசெப்பை மனதாரப் புகழ்ந்தார். பிள்ளை சொன்னதுபோலவே நடந்தது. அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்பியாயிற்று. சுக்கானை யார் பிடித்திருந்தார் என்பது மட்டும் அவருடைய யோசனையில் வரவில்லை.

*

வவுனியாவில் அவர்களை வரவேற்ற விற்பனைக்காரப் பையனின் பெயர் சதீஸ். கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். மூன்று வகையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தவராசா நேரே மேல் வகைக்குப் போய்க் கதவைத் திறந்து ஏறி, வெளியே வர விருப்பமில்லாதவராக உட்கார்ந்துவிட்டார். கமலாசனி மூன்றையும் சுற்றி வந்தாள்.

"அக்கா, கீழ் வகைக்கும் மேல் வகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லட்டே?"

"சொல்லும் தம்பி. ஆறுதலாச் சொல்லும்."

"மேல் வகையில சீற் எல்லாம் தோல்."

கமலாசனியின் முகம் மாறியது. "மாட்டுத் தோலோ?"

"இல்லையக்கா. தோல்மாதிரி. ஆனால் தோல் இல்லை."

"பொய்த்தோல்."

"ஓம்... அப்பிடியும் சொல்லலாம்."

"பொய்க்கும் மேல் வகையோ? சரி, பிறகு?"

"றோட்டில கோட்டை விட்டு விலகினால் தானாச் சத்தம் போடும்."

"அதுக்கு இவ்வளவு நாளும் நான் இருந்தனான். பிறகு?"

"வாயால சொன்னால் கேக்கும். பாட்டுப் போடு எண்டால் போடும். ஏசியைக் குறை எண்டால் குறைக்கும்."

"நல்லம். வீட்டில ஒண்டெண்டாலும் சொன்னாக் கேக்கட்டும்."

உள்ளே இருந்த தவராசாவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவர் ஒரு பொத்தானை அழுத்தி முதுகுப்பக்கத்தைச் சாய்த்து, இன்னொன்றை அழுத்தி நிமிர்த்திக்கொண்டிருந்தார். கையால் சுத்தும் சாமான் ஒன்றுமே அதில் இல்லை.

"இறக்கத்தில தானாப் பிடிச்சு மெதுவா இறக்கும்" என்றான் சதீஸ்.

"ஒட்டுசுட்டானில இறக்கம் எங்க கிடக்கு?"

"குளக்கட்டு இருக்கே!" என்று உள்ளேயிருந்து தவராசா குரல் கொடுத்தார்.

வழக்கமாக இப்படியான பேச்சுக்கு ஒரு வெட்டு விழும். கமலாசனி இந்த முறை தலையை ஆட்டி, "ஓம், குளக்கட்டில ஏறி இறங்கத்தான் வேணும்" என்றாள். தவராசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மனிசி திருந்திவிட்டாள்.

அப்போது சீற்றுக்கு அடியில் எங்கோ கிணுகிணு என்று ஒரு சத்தம் தொடங்கியது. கமலாசனி தன் கனமான கைப்பையை முன்னால் இடப்பக்கச் சீற்றில் வைத்திருந்தாள்.

"அது பெல்ற் சத்தம் அக்கா. சீற்றில பாரம் இருந்து பெல்ற் போடாட்டி விடாமல் கத்தும். ஆள் எண்டு நினைக்குது. கீழ் வகையில இது இல்லை."

"ஆளோ சாமானோ எண்டு அதுக்குத் தெரியாதோ?"

"தெரியாதக்கா. பாரம்தான் கணக்கு."

கமலாசனி கைப்பையை எடுத்தாள். சத்தம் நின்றது. பிறகு பின்கதவைத் திறந்து ஏறிப் பின்சீற்றில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கேதான் அவளுடைய கேள்விகள் கூர்மையாகின.

"தம்பி, ஏசி பின்னுக்கும் நேர வருமோ?"

"வருமக்கா. மேல் வகையில மட்டும்."

"விபத்தெண்டால் விரியிற காத்துப்பை பின்னுக்கும் இருக்கோ? இருக்கோணும்."

"இருக்கு."

"பின்னுக்கு இருக்கிறவை கடதாசி, வரைபடம் எண்டு பாக்கிறதெண்டால் வெளிச்சம் இருக்கோ?"

"இருக்கு அக்கா. ரெண்டு லைற்." சதீஸ் அவளைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான். "ஆரும் இப்பிடிக் கேக்கிறேல்லை."

கமலாசனி கோயிலில் வாசிக்கும் தேவாரப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் பின்சீற்றில் வைத்து வாசிக்கமாட்டாள். அதைப் பற்றித் தவராசா யோசித்திருக்கலாம். அவர் அப்போது பாட்டுப் போடச் சொல்லி வண்டியோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். "சொன்னாக் கேக்கும் எண்டீர்?" என்றார் சதீஸிடம். ஏதோ ஒருவிதத்தில் வீட்டு நினைவு வந்தது.

கடைசியாக நிறம். தவராசா கருஞ்சாம்பல் கேட்டார்.

"யானை நிறம்" என்றாள் கமலாசனி. "எங்கட றோட்டில இருட்டுக்குள்ள யானை வந்து சொந்தக்காரன் எண்டு உரசும். வெள்ளை எடுப்பம்."

"வெள்ளை ஒவ்வீஸ் வண்டி மாதிரி இருக்குமப்பா."

கமலாசனி புன்னகைத்தாள். "இருந்தால் இருக்கட்டும்."

*

லீசிங் கடனில் வண்டி வந்தது. கோயிலடியில் ஐயர் பூசை செய்து மாலை போட்டு, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, தவராசாவின் நெற்றியிலும் வண்டியின் நெற்றியிலும் ஒரே அளவு சந்தனம் வைத்தார். அந்த வாரம் முழுவதும் தவராசா காரணமே இல்லாமல் சந்திக்குப் போய்வந்தார். நெருப்புப்பெட்டி வாங்கக் கெப். வெற்றிலை வாங்கக் கெப். அடக்கத்துக்காகக் கைகுலுக்கியவர்கள் இப்போது வேறுபக்கம் பார்த்தார்கள். அவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஏசியில் இருந்தால் மனிதருக்கு மனம் விரியும்.

ஞாயிற்றுக்கிழமை கண்டாவளைக்குப் போனார்கள். தவராசா செந்தூரன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் சீற்றிலேயே இருந்தார். பார்க்கவேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும். செந்தூரன் வந்தான். கண்ணில் எரிச்சல் தெரியவில்லை. மெல்லச் சுற்றிப் பார்த்தான். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். ஏசிக்குக் கையை நீட்டினான். லைற்றைப் போட்டு அணைத்தான். பிறகு கமலாசனியைப் பார்த்து, "அக்கா, எல்லாம் சரியா வரும்" என்றான்.

'வயிறு எரியுது, வெளியில காட்டாமல் கதைக்கிறான்' என்று தவராசா நினைத்துக்கொண்டார். வரும் வழியில் அந்தப் பழைய கிறவல் றோட்டுப் பள்ளங்களில் வண்டி தொட்டில்போல ஆடியது. அவர் வாழ்க்கையில் மிக நன்றாகச் சாப்பிட்ட ஞாயிறு அது. சாப்பாட்டைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கமலாசனி அவரை எழுப்பினாள். கதிரையில் அழுத்தி மடித்த வெள்ளைச் சேட்டு. மேசையில் வாழையிலையில் கட்டிய சோத்துப் பார்சல்.

"எங்க கலியாணம்?"

"கலியாணமில்லை. கிளிநொச்சிக்கு. எட்டு மணிக்குத் திட்டத்து ஒவ்வீஸில நிக்கோணும்."

"எந்தத் திட்டம்?"

"செந்தூரன்ர. அவையின்ர பழைய கெப் பழுதாப்போச்சு. வாடகைக்கு வாகனம் எடுக்கினம். டபுள் கெப், புதுசு, பின்னுக்கு ஏசி, காத்துப்பை எல்லாம் இருக்கோணுமாம். சாதாரண வகை எடுக்கமாட்டினம். பிரியந்தினி அண்டைக்கே சொன்னவள்."

தவராசா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். 'அண்டைக்கே' என்றால் எந்த 'அண்டைக்கு' என்று கணக்குப் போட்டார். 'எங்களுக்கும் ஒரு வாகனம் இருந்தால் நல்லம்' என்ற நாளுக்கு முன்னால் போய் நின்றது கணக்கு.

"அப்ப நீர் முதலிலயே கீரிச்சம்பாதான்..."

"ஓம்."

"ஆட்டக்காரிக்கு ஏன் சரி எண்டனீர்?"

"நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லேக்க வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"என்ர கீரிச்சம்பாவை வாடகைக்கு விடுறீரே கமலா!"

கமலாசனி சேட்டை எடுத்து அவருடைய மடியில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை. வயலில் தண்ணீர் மாறும் நாளைச் சொல்வதுபோலச் சொன்னாள். "இஞ்சருங்கோ, நீங்கள்தானே கீரிச்சம்பா எண்டு பேர் வைச்சனீங்கள். கீரிச்சம்பாவை நாங்கள் எந்த நாள் சாப்பிட்டனாங்கள்? அது விக்கிறதுக்கு. லீசிங்கை அதுவே உழைச்சுக் கட்டும்."

தவராசா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். யன்னலுக்கு வெளியே பசுமாடு நின்றது. அது அவரையே பார்த்தது.

வாயை மூடினார்.

"ஆனால் ஒண்டு" என்றார் சேட்டை மாட்டிக்கொண்டே. "ட்றைவர் அவையளே வைச்சிருப்பினம்தானே?"

"ட்றைவரோட சேத்துத்தான் வேணுமாம்" என்றாள் கமலாசனி, பார்சலை அவருடைய கையில் வைத்தபடி. "புல் ஒப்சன்."

*

முதல்நாள் வேலை பூவரசங்குளத்துப் பக்கம். செந்தூரனும் இரண்டு உத்தியோகத்தர்களும் பின்சீற்றில் இருந்து, வரைபடத்தை மூன்று மடியிலும் விரித்து, லைற்றைப் போட்டு, குளத்தின் கட்டைப் பற்றிக் கதைத்தார்கள். ஏசி நேரே பின்னுக்குப் போனது. தவராசா குளக்கட்டில் ஏற்றி இறக்கினார். வண்டி தானாகப் பிடித்து மெதுவாக இறங்கியது. எல்லா வசதிகளும் தாளில் போட்டபடியே வேலை செய்தன. அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

மத்தியானம் மரநிழலில் பார்சலைப் பிரித்தார். ஆட்டக்காரி. நல்ல சிவப்பு.

வெளிக்கிடும் நேரம் குளத்தடியில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் ஓடிவந்தார். கட்டு திருத்த வந்த ஐயாமாருக்கு ஒரு சின்ன அன்பளிப்பு என்றார். இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்தது ஒரு பூசணிக்காய். ஆட்டுக்குட்டியளவு.

தவராசா துள்ளி இறங்கினார். ஒரு வருடமாகக் காத்திருந்த தருணம். "தாங்கோ, நான் பெட்டியில வைக்கிறன்."

"ஐயோ அண்ணை, பெட்டியில உருண்டால் வெடிச்சிடும்" என்றான் செந்தூரன் பின்சீற்றில் இருந்தபடி, வரைபடத்தில் இருந்து கண்ணை எடுக்காமல். "முன்னுக்குச் சீற் சும்மாதானே கிடக்கு."

கமக்காரர் முன்கதவைத் திறந்து, பூசணிக்காயைப் பொய்த்தோல் சீற்றில் பக்குவமாக இருத்திவிட்டுப் போனார். தவராசா ஏறி வண்டியை எடுத்தார். பத்து யார் தூரம் போவதற்குள் கிணுகிணு என்று சத்தம் தொடங்கியது. நின்றபாடில்லை.

"என்னண்ணை கத்துது?"

தவராசாவுக்குச் சத்தியம் நினைவு வந்தது. எங்க சொன்னாலும், எந்த நேரமெண்டாலும், ஆரை ஏத்தினாலும், வாய் திறக்காமல். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, குனிந்து, பூசணிக்காய்க்குப் பெல்ற் போட்டுவிட்டார்.